உறைந்துபோன தோளும் செம்பூர் மாடி அறையும்: பதினாலு மாத அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த ஃபிசியோ அறையின் பெயரை நான் எழுதப் போவதில்லை. ஒளித்து வைக்க ஒன்றுமில்லை, அதை நடத்தும் பெண்ணே கேட்டுக்கொண்டாள், "ஆன்ட்டி, ப்ளீஸ், நெட்ல பேர் போட்றாதீங்க, இப்பவே வெளியில ஸ்டூல் பத்தல" என்று. இரண்டு கட்டில், ஒரு திரைச்சீலை, ஒரே ஆள், அவ்வளவுதான் அந்த இடம். மும்பையில் செம்பூர் ஸ்டேஷனில் இறங்கி நடக்கும் தூரம், ஒரு மருந்துக் கடைக்கு மேலே முதல் மாடி, அதற்கு மேல் கேட்காதீர்கள். பெயர் இல்லாத விமர்சனத்தால் யாருக்கு என்ன லாபம் என்றால், தாராவியிலோ தானேயிலோ டோம்பிவிலியிலோ இருக்கும் நீங்கள் எப்படியும் செம்பூருக்கு வந்து மாடியேறப் போவதில்லை, உங்கள் பக்கத்தில் இருக்கும் ஒரு ஃபிசியோவைத்தான் தேடப் போகிறீர்கள். அப்போது எதைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுப்பது என்று எனக்குத் தெரிய 12,000 ரூபாய் வீணாக வேண்டியிருந்தது. அதை இங்கே சும்மாவே தருகிறேன்.

எனக்கு வயது 51. சர்க்கரை ஒன்பது வருடமாக இருக்கிறது. ஃபோர்ட்டில் ஆபீஸ், தினமும் ஹார்பர் லைன் லோக்கல் டிரெயினில் செம்பூரிலிருந்து சிஎஸ்எம்டி (பழைய வி.டி. ஸ்டேஷன்) வரை போய் வருகிறேன். போன வருடம் ஜூன் மாதம், மழை தொடங்கிய முதல் வாரம், குர்லா தாண்டி வண்டி குலுங்கியபோது தலைக்கு மேலே இருந்த பிடியைப் பிடிக்க வலது கையைச் சட்டென்று தூக்கினேன். தோளுக்குள்ளே யாரோ கத்தியைச் செருகி எடுத்த மாதிரி இருந்தது. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற அம்மா எழுந்து இடம் கொடுக்கச் சொல்லி யாரையோ அதட்டினார், லேடீஸ் டப்பாவில் அது ஒரு சௌகரியம், அழுதால் இடம் கிடைக்கும்.

அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டேன், இது டிரெயின் பிடியால் வந்த வலி என்று. வேறு என்ன நினைப்பேன்? இருபத்திரண்டு வருடமாக ஒரு கை மேலே தொங்க, இன்னொரு தோளில் டிபன் டப்பா, தண்ணீர் பாட்டில், குடை எல்லாம் அடைத்த பை. இடம் கிடைத்தாலும் கிடைப்பது நாலாவது சீட். மும்பைக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன், மூன்று பேருக்கான பெஞ்சில் நாலாவதாக ஓரத்தில் ஒருவர் ஒட்டிக்கொள்வது இங்கே உரிமை, ஒரு பக்க இடுப்பு பலகையில், மறுபக்கம் அந்தரத்தில், ஒரு காலை நடைபாதையில் ஊன்றிக்கொண்டு வடாலா வரும்வரை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். முதுகு வலிக்க இதைவிட நல்ல வழியை யாராலும் யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் என் தோளுக்கு டிரெயின் காரணமில்லை என்று தெரிய டிசம்பர் வரை ஆயிற்று.

ஜூலையில் பின்பக்கக் கொக்கி போடும் உடுப்பு எதையும் போட முடியவில்லை. ஆகஸ்டில் பின்னல் போட முடியவில்லை. மேல் தட்டில் இருக்கும் துவரம்பருப்பு டப்பா கீழே இறங்கி வந்தது. இரவுதான் மோசம். வலது பக்கம் ஒருக்களித்தால் உயிர் போகும், மல்லாந்து படுத்தால் கை பின்னால் சரிந்து விண் விண் என்று தெறிக்கும், இரண்டு மணிக்கு எழுந்து ஹாலில் சோஃபாவில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்குவேன். சேடா நகர் முருகன் கோவிலில் படியேறிப் போய் நின்று தலைக்கு மேலே கை கூப்பப் பார்த்தேன், இடது கை மேலே போயிற்று, வலது கை காது வரை கூட வரவில்லை. ஒற்றைக் கையால் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

சரி, செலவுக் கணக்குக்கு வருவோம்.

என் மாமியாருக்கு எல்லா வலியும் வாயுதான். "எம்மா, அது வாயுப் பிடிப்பு, நல்லெண்ணெயில பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சித் தேய், வெந்நீர் ஊத்து, போயிரும்" என்றார். போகவில்லை, ஆனால் அந்த வெந்நீர் சுகமாக இருந்தது, அதை இப்போதும் விடவில்லை. அப்புறம் தைலங்கள். வீட்டில் எப்போதும் அமிர்தாஞ்சன் உண்டு, அது நம்ம மெட்ராஸ் சரக்கு என்றுதான் நினைத்திருந்தேன், 1893-ல் நாகேஸ்வரராவ் பந்துலு அதை இதே பம்பாயில் தொடங்கி, பிறகுதான் சென்னைக்குக் கொண்டுபோனார் என்று மகள்தான் சொன்னாள். அதைத் தவிர ஒரு ஸ்ப்ரே, இரண்டு டியூப் ஜெல், எல்லாம் சேர்த்து 900 ரூபாய். தைலம் என்ன செய்கிறது என்றால், தோலில் சில்லென்றோ சுரீரென்றோ ஓர் உணர்ச்சியைக் கிளப்பி, மூளையின் கவனத்தை அந்தப் பக்கம் திருப்புகிறது. கழுத்துச் சதை இறுகினால் அது போதும். டைக்ளோஃபினாக் ஜெல் உண்மையிலேயே மருந்துதான், முழங்கால், விரல் மூட்டு போல தோலுக்குப் பக்கத்தில் இருக்கும் இடங்களில் நன்றாகவே கேட்கும். தோள் மூட்டு கனமான சதைக்கு அடியில் ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு அரை மணி நேரம் மணத்தது, அவ்வளவுதான்.

செப்டம்பரில் மகள் ஆன்லைனில் ஒரு மசாஜ் கன் வாங்கிக் கொடுத்தாள், 2,800 ரூபாய், ஐந்து தலை, மூன்று வேகம். சத்தம் மிக்சியைவிடக் குறைவு, பேட்டரி நன்றாக நிற்கிறது, கனமும் அதிகமில்லை. பொருளாகப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் என் வலிக்கு அது வழி தவறி வந்த விருந்தாளி. சதையைக் குலுக்குகிறது, எனக்குக் கோளாறு சதையில் இல்லை. தோளை நிமிர்த்தி வைக்கும் பெல்ட் ஒன்றும் வாங்கினேன், 650 ரூபாய், அக்குளில் வெட்டியது, மும்பை வேர்வையில் இரண்டு நாளுக்கு மேல் யாராலும் போட முடியாது. அது இப்போது பீரோவுக்குள் தொங்குகிறது, நன்றாக நிமிர்ந்துதான் தொங்குகிறது.

இதற்கு நடுவில் ஒருவர் சுளுக்கு எடுப்பார் என்று சொல்லி ஒரு மாலிஷ்காரரிடம் கூட்டிப்போனார்கள். இரண்டு முறை, முறைக்கு 300. இரண்டாவது முறை அவர் என் முழங்கையைப் பிடித்துப் பின்னால் ஒரு வெட்டு வெட்டி இழுத்தார். நான் போட்ட சத்தத்தில் அடுத்த கடையிலிருந்து ஆள் வந்து பார்த்தது. மூன்று இரவு தூக்கமில்லை. வலிக்கிற தோளை யாராவது "ஒரே இழுப்புல சரியாகிடும்" என்று பிடித்தால், மரியாதையாகக் கையை உருவிக்கொண்டு வந்துவிடுங்கள். எனக்கு இருந்தது போன்ற கோளாறில், வலி உச்சத்தில் இருக்கும் காலத்தில் வலுக்கட்டாயமாக இழுத்தால் உள்ளே இன்னும் வீங்கி, இன்னும் இறுகும்.

அப்புறம் வந்தது பெரிய செலவு. அக்டோபரில் ஒரு பளபளப்பான ஃபிசியோ சென்டர், ஏசி, வரவேற்பில் ஒரு பெண், சுவரில் முதுகெலும்புப் படம். பத்து சிட்டிங் 7,000 ரூபாய், முன்பணம். பெயர் வேண்டாம். போனதும் படுக்க வைத்து நாலு ரப்பர் பட்டையை ஒட்டி ஐஎஃப்டி என்று வலிக்கு ஒரு லேசான கரண்ட் வைப்பார்கள், குறுகுறு என்று எறும்பு ஊரும், பத்து நிமிடம். பிறகு ஜெல் தடவி அல்ட்ராசவுண்ட், ஏழு நிமிடம். பிறகு சூடான பொட்டலம். "வலி எப்படி இருக்கு?" என்பார்கள், சூட்டில் கிடந்த பிறகு யாருக்கும் கொஞ்சம் தேவலை என்றுதான் இருக்கும், தேவலை என்பேன், எழுதிக்கொள்வார்கள். பத்து நாளும் இதேதான். பத்து நாளில் ஒரு நாள்கூட என் கை எவ்வளவு உயரம் போகிறது என்று யாரும் பார்க்கவில்லை. சர்க்கரை இருக்கிறதா என்று கேட்கவில்லை. வீட்டில் செய்யச் சொல்லி ஒரு பயிற்சிகூடக் கொடுக்கவில்லை, கடைசி நாள் ஒரு தாள் கொடுத்தார்கள், அதில் கழுத்துப் பயிற்சி இருந்தது. கழுத்துக்கு நான் எப்போது போனேன்! எட்டாவது நாளில் அடுத்த பத்துக்குச் சலுகை விலை சொன்னார்கள் பாருங்கள், அதை மட்டும் மறக்கவில்லை.

டிசம்பரில்தான் எலும்பு டாக்டரிடம் போனேன், முதலிலேயே போயிருக்க வேண்டும். அவர் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார். கையைத் தூக்கு என்றார், தூக்கினேன், பாதியில் நின்றது. பிறகு நான் கையைத் தளர்த்திக்கொள்ள, அவரே பிடித்துத் தூக்கினார், அப்போதும் அதே இடத்தில்தான் நின்றது. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து முன்கையைக் கதவு திறப்பது போல வெளிப்பக்கம் திருப்பினார், அசையவே இல்லை. "ஃப்ரோசன் ஷோல்டர், சுகர் எவ்ளோ?" என்றார். எனக்கு மூன்று மாதச் சராசரி 8.6 இருந்தது. எக்ஸ்ரே எடுத்ததுகூட தேய்மானம் போல வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கத்தான், இந்த நோய் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாதாம்.

இந்தச் சோதனையைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் தோள் வலி என்று நாம் ஒரே பெயரில் சொல்வது நாலைந்து வேறு வேறு வலிகள். தோளைச் சுழற்றும் தசைநார் கிழிந்தாலோ உரசினாலோ, நீங்களாகத் தூக்கினால் வலிக்கும், ஆனால் இன்னொருவர் தூக்கினால் கை பெரும்பாலும் மேலே போய்விடும். கழுத்து நரம்பு அழுந்தினால் வலி தோளில் நிற்காமல் முழங்கை தாண்டி விரல் வரை ஓடும், மரத்துப்போகும், கழுத்தைத் திருப்பினால் கூடும். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே கல் மாதிரி இறுகினால் அது பெரும்பாலும் நாள் முழுக்க ஒரே நிலையில் உட்கார்ந்து தோளைக் காது வரை தூக்கி வைத்துக்கொண்டு வேலை பார்ப்பதால் வருவது, அதற்கு மசாஜ் கன்னும் தைலமும் தாராளமாகப் போதும், அரை மணிக்கொரு முறை எழுந்து நடந்தால் அதுவும் வேண்டாம். யார் தூக்கினாலும் போகாது என்றால்தான் என் கேஸ். தோள் மூட்டைச் சுற்றி ஒரு மெல்லிய உறை இருக்கிறது, அது வீங்கி, தடித்து, சுருங்கிப்போகிறது, துவைத்துச் சுருங்கின ஜாக்கெட்டுக்குள் கையை விட்டது போல. 40 முதல் 60 வயதுக்குள், அதிலும் பெண்களுக்கு, சர்க்கரையும் தைராய்டும் இருப்பவர்களுக்கு அதிகம். ஜப்பானில் இதற்குப் பெயரே 'ஐம்பது வயதுத் தோள்' என்று கேள்விப்பட்டபோது, சரி, நான் பிரச்சினையில்லாமல் வரிசையில்தான் நிற்கிறேன் என்று தோன்றியது. முதலில் வலி மட்டும் கூடும், பிறகு வலி குறைந்து இறுக்கம் நிற்கும், பிறகு மெதுவாக இளகும். மொத்தம் ஒன்றிலிருந்து மூன்று வருடம். டாக்டர் இதைச் சொன்னபோது நான் பத்து நாள் என்று சொல்லப்போகிறார் என நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி ஒன்று போடலாம் என்றார், ஆனால் சர்க்கரையைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு வா என்றார். ஜனவரியில் போட்டுக்கொண்டேன். அடுத்த நாலு நாள் சர்க்கரை 290 வரை ஏறிற்று, அவர் முன்பே எச்சரித்திருந்ததால் பயப்படவில்லை, சர்க்கரைக்காரர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போடுங்கள். இரவு வலி பாதிக்கு மேல் குறைந்தது. ஏழு மாதத்துக்குப் பிறகு கட்டிலில் தூங்கினேன்.

இனி அந்த மாடி அறை. டாக்டர்தான் அனுப்பினார். அந்தப் பெண் தாராவியில் பிறந்தவள், அப்பா அம்மாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம், நம்மிடம் பம்பாய்த் தமிழ் பேசுவாள், கட்டிலில் இருப்பது யாராக இருந்தாலும் எண்ணுவது மராட்டியில், ஏக், தோன், தீன், சார். முதல் நாள் மெஷின் எதையும் தொடவில்லை. நாற்பது நிமிடம் கேள்வி. எந்தப் பக்கம் படுப்பீங்க, சுகர் எவ்வளவு, தைராய்டு பார்த்தீங்களா, என்ன செய்ய முடியல, முக்கியமா என்ன செய்ய ஆசை. பின்னல் போடணும் என்றேன், எழுதிக்கொண்டாள். பிறகு ஜியோமெட்ரி பாக்ஸ் கோணமானிக்கு இரண்டு கை முளைத்தது போல ஒரு பிளாஸ்டிக் கருவியை எடுத்து அளந்தாள். முன்பக்கம் தூக்கினால் 85 டிகிரி, பக்கவாட்டில் 60, வெளிப்பக்கம் திருப்பினால் வெறும் 5. கையைப் பின்னால் கொண்டுபோனால் இடுப்புக்குக் கீழேயே நின்றது. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி, "இப்போ இதை நீங்களும் மொபைல்ல போட்டோ எடுத்துக்குங்க ஆன்ட்டி, ரெண்டு வாரம் கழிச்சு நான் பொய் சொன்னா பிடிக்கலாம்" என்றாள். எனக்கு அந்த இடத்திலேயே நம்பிக்கை வந்துவிட்டது. நான் யாரிடமும் ஃபிசியோவைப் பற்றிக் கேட்பது இப்போது ஒன்றுதான்: முதல் நாள் அளந்தார்களா? அளக்காதவருக்கு நீங்கள் தேறினீர்களா இல்லையா என்று தெரிய வழியே கிடையாது, உங்கள் முகத்தைப் பார்த்து யூகிக்கிறார், நீங்கள் மரியாதைக்குத் தேவலை என்கிறீர்கள்.

சிட்டிங்குக்கு 500 ரூபாய், பேக்கேஜ் கிடையாது, வந்த நாளுக்குக் காசு. முதல் மூன்று மாதம் வாரம் ஒரு முறை, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. தினமும் வரவா என்று நான் கேட்டேன், ஏழாயிரம் ரூபாய் கட்டிப் பழகிய புத்தி. "எதுக்கு ஆன்ட்டி டெய்லி? நான் அரை மணி நேரம் செய்றேன், மிச்சம் இருபத்திமூணரை மணி நேரம் கை உங்க கிட்டதானே இருக்கு" என்றாள். அறையில் அவள் செய்வது பத்து நிமிடச் சூடு, பிறகு மூட்டைப் பிடித்து மிக மெதுவாக நெகிழ்த்துவது. வலி வரும் இடத்துக்கு ஒரு நூல் முன்பே நிறுத்திவிடுவாள். கரண்ட் மெஷின் மூலையில் துணி போர்த்திக் கிடந்தது, அதைப் பற்றிக் கேட்டேன், அதனால் மூட்டு திறக்காது, வலி தாங்க முடியாமல் வருகிறவர்களுக்கு மட்டும் கொஞ்ச நேரம் வைப்பேன் என்றாள்.

வீட்டில் செய்யக் கொடுத்ததுதான் உண்மையான மருந்து, ஆகவே அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். முதல் மாதம் ஊஞ்சல் மட்டும்: மேஜையில் இடது கையை ஊன்றிக் குனிந்து, வலது கையைச் செத்த பாம்பு மாதிரி தொங்கவிட்டு, உடம்பை ஆட்டினால் கை தானாக ஆடும், முன்னும் பின்னும், பிறகு வட்டமாக. கையை நாமாக ஆட்டக் கூடாது, நான் ஒரு வாரம் தப்பாகத்தான் செய்தேன். இதற்குக் காட்மன் பயிற்சி என்று பெயர், 1934-ல் 'ஃப்ரோசன் ஷோல்டர்' என்ற பெயரை வைத்த பாஸ்டன் டாக்டரும் அதே காட்மன்தான். பிறகு சுவர் ஏறுவது: சுவரில் விரல்களைச் சிலந்தி மாதிரி நடத்தி மேலே கொண்டுபோய், முடிந்த இடத்தில் பென்சிலால் கோடு, பக்கத்தில் தேதி. எங்கள் சமையலறை நிலைக்குப் பக்கத்தில் ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் வரை கோடுகள் ஏறிக்கொண்டே போகின்றன, முதல் கோடு என் மூக்குக்கு நேராக, இப்போது கடைசி கோடு எட்டிப் பிடிக்கும் உயரத்தில். நடுவில் மார்ச் மாதம் முழுக்க ஒரே இடத்தில் ஐந்து கோடு ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து கறுப்பாக இருக்கும், அந்த மாதம் நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை. வெளிப்பக்கம் திருப்புவதற்கு மாப் கட்டை, இரண்டு முனையையும் இரண்டு கையால் பிடித்து, நல்ல கையால் கெட்ட கையைத் தள்ள வேண்டும். முதுகுக்குப் பின்னால் துண்டைப் பிடித்து மேலே இழுப்பது கடைசியாக வந்தது.

கதவில் மாட்டும் கப்பி ஒன்று வாங்கச் சொன்னாள், மருந்துக் கடையில் 350 ரூபாய். விலை கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து பால்கனியில் துணி காயப் போடும் கப்பியைப் பார்த்தேன். மும்பை வீடுகளில் எல்லார் வீட்டிலும் இருக்கிறதே, கயிற்றை இழுத்தால் கம்பி மேலே போகும். ஒரு கம்பியைக் கழற்றிவிட்டு, கயிற்றின் இரு முனையிலும் பழைய துண்டு கட்டி, இடது கையால் இழுத்தால் வலது கை மேலே போகிறது. போட்டோ எடுத்துக் காட்டினேன், "ஆன்ட்டி, இனிமே எல்லாருக்கும் இதையே சொல்றேன்" என்று சிரித்தாள். மழைக்காலத்தில் மட்டும் சண்டை, ஈரத்துணியா என் தோளா என்று. பெரும்பாலும் துணிதான் ஜெயித்தது.

ஒரு விதி அவள் திரும்பத் திரும்பச் சொன்னது: பயிற்சி செய்யும்போது இழுவை இருக்கலாம், முடித்த பிறகு கொஞ்ச நேரத்தில் அடங்க வேண்டும், ராத்திரி வரை நின்றால் நாளைக்கு பாதியாகக் குறை. ஒரே தடவை அரை மணி நேரம் செய்வதற்குப் பதில் ஐந்து ஐந்து நிமிடமாக நாலு வேளை. ஆபீஸில் ரெக்கார்ட் ரூம் சுவரில் ஏறினேன், பார்த்தவர்கள் பார்த்தார்கள். தூக்கத்துக்கு அவள் சொன்னது இன்னும் உதவுகிறது, மல்லாந்தால் முழங்கைக்குக் கீழே மடித்த துண்டு, ஒருக்களித்தால் நல்ல பக்கமாகப் படுத்து மார்போடு ஒரு தலையணையை அணைத்து அதன்மேல் வலிக்கிற கை.

நடுவில் என் கணவரையும் இழுத்துப்போனேன். அவருக்கு இடுப்பு வலி. தினமும் வாஷிக்கு பைக், ஜூலை மும்பைச் சாலை, பள்ளத்தைச் சொல்லவா வேண்டும். ஒரு நாள் சிலிண்டரை நகர்த்தும்போது பிடித்துக்கொண்டது. எம்ஆர்ஐ எடுத்தார், 'எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ்' என்று வந்தது, அதாவது இடுப்பெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது என்று, அவ்வளவுதான், மனிதர் தன்னை நோயாளியாகவே ஆக்கிக்கொண்டார். இடுப்பில் பெல்ட், கட்டிலைவிட்டு இறங்குவதில்லை, குனிவதில்லை, காய்கறிப் பைகூடத் தூக்குவதில்லை (இது மட்டும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது). அந்தப் பெண் ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிட்டு, கால் மரத்துப்போகுதா, பலம் குறையுதா, ஒன்றுக்குப் போவதில் சிரமமா என்று கேட்டாள், எல்லாம் இல்லை என்றதும் பெல்ட்டைக் கழற்றச் சொன்னாள். வலியே இல்லாத ஆட்களைப் படம் எடுத்துப் பார்த்தாலும் டிஸ்க் தேய்மானம் தெரியும், 2015-ல் 3,000 பேருக்கு மேல் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வில் 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம், 80 வயதில் 96 சதவீதம். நரைமுடி மாதிரி ஆன்ட்டி, என்றாள். உலக சுகாதார நிறுவனமே 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கான வழிகாட்டியில் இடுப்பு பெல்ட்டும் இழுவைச் சிகிச்சையும் வேண்டாம், உடற்பயிற்சிதான் வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அவருக்கு மூன்று சிட்டிங் போதுமாக இருந்தது. தினமும் காலை டைமண்ட் கார்டனைச் சுற்றி நடை, இரண்டு மூன்று இடுப்புப் பயிற்சி, ஆறு வாரத்தில் சிலிண்டரைத் தூக்கினார். காய்கறிப் பை இன்னும் என் தலையில்தான்.

எனக்கு இடப்பக்க மேல்முதுகிலும் ஒரு வலி சேர்ந்திருந்தது, வலது கையால் முடியாததையெல்லாம் இடது கையால் செய்து, வலது தோளைத் தூக்கி வைத்தே நடந்து பழகியதில் வந்தது. அதற்கு அவள் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, பையை முதுகுப்பை ஆக்கச் சொன்னாள், நாலாவது சீட்டைவிட நிற்பதே மேல் என்றாள். இரண்டையும் கேட்டேன். வடாலா வரை நின்றுகொண்டு, உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கும்போது மட்டும் கொஞ்சம் எரிகிறது.

குறை இல்லாமல் இல்லை. ஏழு மணி என்றால் ஏழே முக்காலுக்குத்தான் கட்டில் கிடைக்கும், போன் செய்தால் எடுக்க மாட்டாள், கை இரண்டும் வேறு யாரோ ஒருவர் தோளில் இருக்கும். லிஃப்ட் இல்லை, படி செங்குத்து, முழங்கால் வலிக்காரர்கள் எப்படி ஏறுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. ஃபேன் மட்டும்தான், மே மாதம் கஷ்டம். திரைச்சீலை மெல்லிசு, பக்கத்துக் கட்டிலின் குடும்பக் கதை முழுக்க நமக்கும் கேட்கும், நம்முடையது அவர்களுக்கும். விரிப்பைச் சில நாள் மாற்றாமல் விட்டுவிடுவாள், இதைச் சொல்லிச் சண்டையே போட்டேன், இப்போது சொந்தமாக ஒரு பெட்ஷீட் கொண்டுபோகிறேன். கார்டு கிடையாது, ஜிபே உண்டு, ரசீது கேட்டால் நோட்டில் எழுதிக் கிழித்துத் தருவாள், இன்ஷூரன்ஸ்காரர்கள் அதை ஏற்க மாட்டார்கள்.

22 சிட்டிங், 11,000 ரூபாய். ஆகஸ்ட் அளவு: முன்பக்கம் 155, பக்கவாட்டில் 140, வெளிப்பக்கம் 50. பின்னல் போட முடிகிறது, கொஞ்சம் கோணலாக விழுகிறது. கை பின்னால் இரண்டாவது கொக்கி வரை போகிறது, மூன்றாவதற்கு இன்னும் மகள்தான்.

இதெல்லாம் தானாகவே இளகியிருக்காதா என்று ஆபீஸில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நானே அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "இளகியிருக்கும் ஆன்ட்டி, ஆனா எவ்ளோ நாள், எவ்ளோ மிச்சம் நிக்கும்னு யாருக்கும் தெரியாது" என்றாள். ஊசி எவ்வளவு, சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி 7.1-க்கு இறங்கியது எவ்வளவு, சுவர் எவ்வளவு என்று என்னாலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஊசி போடாமல் இருந்திருந்தால் ஜனவரியில் சுவரைத் தொட்டிருக்கவே மாட்டேன், அது மட்டும் நிச்சயம்.

இன்னொன்று, விளையாட்டில்லை. எங்கள் கட்டிடத்தில் ஒருவர் இடது தோள் வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார், வேர்த்துக் கொட்டியது, மூச்சு வாங்கியது, மகன் சந்தேகப்பட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான், மாரடைப்பு. பிழைத்துக்கொண்டார். கையை அசைத்தாலும் அசைக்காவிட்டாலும் ஒரே மாதிரி இருக்கும் தோள் வலி, கூடவே நெஞ்சு இறுக்கமோ வேர்வையோ இருந்தால், அது ஃபிசியோ கேஸ் இல்லை. முதுகு வலியோடு காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, கால் பலம் இழப்பது, மலம் சிறுநீர் கட்டுப்பாடு போவது, தொடையிடுக்கு மரத்துப்போவது என்றாலும் அப்படித்தான், அன்றைக்கே டாக்டர்.

மாடி அறைக்கு ஐந்துக்கு நாலு, ஒன்று பெட்ஷீட்டுக்காகக் குறைத்தது. வெந்நீருக்கு நாலரை, மாமியாரிடம் சொல்லவில்லை. மாப் கட்டைக்கு ஐந்து. மசாஜ் கன் விற்பனைக்கு இருக்கிறது, ஐந்து தலையும் பெட்டியும் பில்லும் உண்டு, செம்பூர் பக்கம் வந்து எடுத்துக்கொள்பவர்களுக்கு 1,200. கழுத்து இறுக்கம் என்றால் மட்டும் வாங்குங்கள், கை மேலே போகவில்லை என்றால் வேண்டாம்.